தூணோரத்துப் பெஞ்சு

புதுக்கோயில் கட்டுவது என்று முடிவாகிவிட்டால் ஊரில் ஆளாளுக்கு இன்ஜினியர் ஆகிவிடுகிறார்கள். சூசையப்பர்புரமும் அதற்கு விலக்கில்லை. நீடாமங்கலத்திலிருந்து வலங்கைமான் போகிற சாலையில், சுற்றிலும் சம்பா நட்ட வயல்களுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர். பழைய கோயில் களிமண்ணில் ஒரு பக்கமாக இறங்கி, கை நுழைகிற அளவுக்குச் சுவர் வெடித்திருந்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று ஆயரும் சொல்லியாயிற்று. வரைபடத்தைப் பார்க்க வரச்சொல்லி ஃபாதர் அமலதாஸ் அறிவித்த அன்று பங்குச்சாமியார் வீட்டு வராந்தாவில் நாற்காலி போதவில்லை.

கோபுரம் ஒன்றா இரண்டா, பீடத்துக்குப் பின்னால் கிரானைட்டா தேக்கா, ஏசியா பெரிய ஜன்னலா என்று ஆரம்பித்தார்கள். ஒருவர் வேளாங்கண்ணி மாதிரி வேண்டும் என்றார். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒருவர் தான் அங்கே பார்த்த கோயிலைப் போனில் காட்டி, இதே மாதிரி என்றார். ஃபாதர் எல்லாவற்றுக்கும் “பார்க்கலாம்” என்றார். அவர் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். வந்த கொஞ்ச நாளிலேயே ஊர் அதைப் புரிந்துகொண்டிருந்தது.

வரைபடம் சுருண்டுகொள்ளாமல் நாலு மூலையிலும் டீ டம்ளரை வைத்துவிட்டு ஷீபா பொறுமையாக நின்றுகொண்டிருந்தாள். இந்த ஊர்ப் பெண்தான். தஞ்சாவூரில் சொந்தமாக ஆபீஸ் போட்டிருக்கிற சிவில் இன்ஜினியர். அவள் அம்மா பாத்திமா மேரியும் எல்சி டீச்சரும் கட்டடக் கமிட்டியில் பெண்கள் சார்பாக இருந்தார்கள். எல்சி மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவள். ஷீபாவுக்கும் அவள்தான் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் எடுப்பாள். ஊரில் அவள் பேச்சுக்கு ஒரு மரியாதை உண்டு, அவளுக்கும் அது தெரியும்.

பாத்திமா மேரிதான் கேட்டாள். “எல்லாம் சரி சாமி, பாவசங்கீர்த்தனத் தொட்டிய எங்க வைக்கப் போறீங்க? அதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கலையே.”

“இருந்த எடத்துலயேதாம்மா,” என்றாள் ஷீபா. “பழைய கோயில்ல உருப்படியா இருக்குறதே அந்த வளைவுச் சுவரும் அதுக்கு மேல இருக்குற அரைக் குவிமாடமும்தான். அதை அளவெடுத்து அப்படியே திரும்பக் கட்டிடலாம்னு இருக்கேன். தூணு, பெஞ்சு வரிசை எல்லாம் பழையபடியே வந்துடும். உள்ள நுழைஞ்சா நம்ம கோயில்னு தோணணும்ல.”

அன்று மாலை முழுக்க எதிலும் ஒத்துப்போகாத கூட்டம் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது. எல்சி மட்டும் வரைபடத்தில் அந்த வளைவுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டி என்பது ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கூண்டு. நடுவில் சாமியார் உட்காருவார். இரண்டு பக்கமும் சல்லடைபோல் துளையிட்ட பலகை, அதன் கீழே முழங்காலிட ஒரு படி. சாமியார் ஒரு பக்கத்து ஆளின் பாவங்களைக் கேட்டு முடித்து, அந்தப் பக்கத்துச் சிறுகதவைச் சாத்திவிட்டு, மறுபக்கம் திரும்புவார். பெண்கள் பக்கத்தில், தூணை ஒட்டி ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் உட்கார்ந்தால் தொட்டியின் வலப்பக்கம் நன்றாகத் தெரியும். இடப்பக்கத்தைத் தூண் மறைத்துக்கொள்ளும்.

கணவர் இறந்த வருஷம், ஒரு சனிக்கிழமை மாலை எல்சி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். காதோரம் யாரோ கிசுகிசுத்தார்கள். “மாமியாருக்கு வேணும்னேதான் உப்ப அள்ளிப் போட்டேன் சாமி.” திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. தொட்டி அத்தனை தூரத்தில் இருந்தது. வளைவுச் சுவரும் குவிமாடமும் சேர்ந்து அந்தக் கிசுகிசுப்பை அள்ளிக்கொண்டு வந்து இவள் காதில் கொட்டியிருந்தன.

அப்போதே எழுந்து வேறு பெஞ்சுக்குப் போயிருக்க வேண்டும். ஃபாதரிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நடந்ததைத் தற்செயல் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த சனிக்கிழமை அதே நேரத்துக்கு, அதே பெஞ்சில், ஜெபமாலையும் கையுமாகப் போய் உட்கார்ந்ததற்கு என்ன பெயர் வைப்பது? எல்சி அதற்குப் பெயர் வைக்கவில்லை. வீட்டில் தனியாக இருந்தால் மனசு ஒரு நிலையில் இல்லை, கோயிலில் இருந்தால் ஆறுதல் என்று மட்டும் மகனிடம் போனில் சொன்னாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்பட்டது தவறிப்போய் வேறு ஒருவர் காதில் விழுந்தாலும் அவரும் அதை வெளியே விடக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். மறைக்கல்வி வகுப்பில் அதை நடத்துபவளே எல்சிதான். அந்தச் சட்டத்தை அவள் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினாள். ஒரு வார்த்தை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டு முடித்ததும், தொட்டியின் வலப்பக்கத்திலிருந்து யார் எழுந்து போகிறாள் என்று பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான். அப்புறம் ஒருத்தி வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தினாள். இன்னொருத்தி கேட்டால் பாத்திரம் இரவல் கொடுப்பதில்லை. வேறொருத்தியைப் பார்த்தால் வழக்கத்தைவிட அன்பாகச் சிரித்து, அந்த அன்பின் காரணம் தெரியாமல் அவளைத் தவிக்கவிட்டாள். தன் சொந்தப் பாவங்களைச் சொல்ல மட்டும் வேளாங்கண்ணிக்குப் பஸ் ஏறினாள். ஊர்க்காரர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இதிலெல்லாம் அவளுக்கு உறுத்தல் இல்லாமல் இல்லை. ஆனால் நெஞ்சை நிஜமாகவே அறுத்தது ஷீபாவின் விஷயம்.

எல்சியின் ஒரே மகன் ஆண்டனிக்கு ஷீபாவைப் பேசி முடித்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது. பாத்திமா மேரி வீட்டில் கை நனைத்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க ஃபாதரிடம் பெயர் கொடுப்பதுதான் பாக்கி. அந்தக் கொஞ்ச நாளில் ஷீபா டீச்சர் என்பதை விட்டுவிட்டு, கூச்சத்தோடு அத்தை என்று கூப்பிடப் பழகியிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை, எல்சியின் காதில் வந்து விழுந்தது.

“வீட்டுக்குத் தெரியாம ஒருத்தரோட பழகுறேன் சாமி. நம்ம வேதமில்ல அவரு. இங்க கல்யாணப் பேச்சு நடக்குது. வாயத் தொறந்து சொல்ல தைரியமில்ல. கட்டிக்கிட்டுப் போனாலும் அவர மறப்பேனான்னு தெரியல.”

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. சாமியார் புத்தி சொல்கிறார் என்று எல்சி நினைத்துக்கொண்டாள். பிறகு வலப்பக்கத்திலிருந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தவள் ஷீபா.

அன்று இரவே எல்சி மகனுக்குப் போன் போட்டாள். “இந்தப் பொண்ணு வேணாம்ப்பா. காரணம் கேக்காத. அம்மா உன் நல்லதுக்குத்தான் சொல்லுவேன்.” ஆண்டனி கேட்டுப் பார்த்தான், கோபித்தான், கடைசியில் அம்மா இப்படிச் சொல்கிறாள் என்றால் சும்மா சொல்லமாட்டாள் என்று அடங்கிவிட்டான். பாத்திமா மேரியிடம், பையன் இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாம் என்கிறான் என்றாள். அடுத்த வருஷமே திருச்சியில் பெண் எடுத்தாள். ஊர் தன் பங்குக்குக் கணக்குப் போட்டது. டீச்சரே வேண்டாம் என்று ஒதுங்கினால் அந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது. ஷீபாவைப் பார்க்க வந்த இரண்டு மூன்று வரன்கள் பக்கத்தில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போயின. அப்புறம் வருவதும் நின்றுபோனது. ஷீபா மறுபடியும் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

எல்சி இதை மனசுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். கேட்டது தப்பு. கேட்டதை வைத்து மகனைக் காப்பாற்றியது தப்பில்லை. முதல் பாதிக்காக வேளாங்கண்ணியில் முழங்காலிட்டாள். இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு வீட்டில் தூங்கினாள்.

இப்போது அதே சுவர், அதே குவிமாடம், அதே பெஞ்சு இன்னும் நூறு வருஷத்துக்கு எழும்பப் போகிறது. தனக்குப் பிறகு வேறு ஒருத்தி ஜெபமாலையோடு வந்து அங்கே உட்காருவாள். வராந்தாவில் எல்லோரும் எழுந்து போகிற நேரத்தில் எல்சி வாயைத் திறந்தாள்.

“தொட்டிய அங்க வைக்க வேணாம் ஃபாதர். அந்தச் சுவத்துல ஓதம் ஏறுது.”

“அப்படியா டீச்சர்? நான் பார்த்ததில்லையே,” என்றார் ஃபாதர்.

ஷீபா பேனாவை எடுத்துவிட்டாள். “எந்த எடத்துலன்னு நாளைக்குக் காலைல வந்து காட்டுறீங்களா டீச்சர்? அடியில தண்ணி இருந்தா அஸ்திவாரத்தையே மாத்தி யோசிக்கணும்.”

ஒரு பொய்யைச் சொன்னால் அதைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டியிருக்கும் என்று எல்சி யோசித்திருக்கவில்லை.

காலைப் பூசை முடிந்து கோயில் காலியாக இருந்தது. ஷீபா வளைவுச் சுவரைத் தட்டிப் பார்த்தாள், கீழே குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுவர் சருகாகக் காய்ந்திருந்தது.

“ஓதம் இல்லையே டீச்சர்.”

எல்சி பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “ஓதமில்லம்மா. அங்க பேசுறது இங்க கேக்குது.”

ஷீபா நிமிர்ந்தாள். “எங்க?”

“இந்தப் பெஞ்சுல. ஒரு தடவ… தெரியாம உக்காந்திருந்தப்ப காதுல விழுந்துச்சு.”

ஒரு தடவை. அந்த வார்த்தையைச் சொல்லும்போதே எல்சிக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஷீபாவோ பரபரப்பாகிவிட்டாள். “நீங்கதானே டீச்சர் நீள்வட்டம் நடத்துனீங்க. ஒரு குவியத்துல இருந்து கெளம்புறதெல்லாம் இன்னொரு குவியத்துக்கு வந்து சேரும்னு. அதுதான் இது. எனக்குத் தோணவேயில்ல பாருங்க. உக்காருங்க, சோதிச்சுப் பார்த்துடுவோம்.”

எல்சி தன் இடத்தில் உட்கார்ந்தாள். ஷீபா தொட்டியின் வலப்பக்கம், பெஞ்சிலிருந்து தெரிகிற பக்கம் முழங்காலிட்டுப் பலகைக்கு அருகே வாயை வைத்தாள். உதடு அசைவது தெரிந்தது. எல்சி காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை. வெளியே வாய்க்கால் மேட்டில் யாரோ டிராக்டரைத் திருப்புகிற சத்தம்தான் கேட்டது.

“கேட்டுச்சா டீச்சர்?” ஷீபா எழுந்து கேட்டாள்.

“இல்ல.”

“சத்தமாவே சொன்னேனே. ஒண்ணுமே கேக்கலையா?”

“இல்லம்மா.”

பெஞ்சு நகர்ந்திருக்குமோ என்று எல்சி கீழே பார்த்தாள். தரையில் பதித்த பெஞ்சு அது. தன் காது மந்தமாகியிருந்தால் நல்லது என்றும் ஒரு கணம் ஆசைப்பட்டாள். ஷீபா தொட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனாள். தூண் அவளை மறைத்துக்கொண்டது. அடுத்த நொடி, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல் காதுக்குள்ளேயே கேட்டது.

“டீச்சர், உங்க தலைக்கு மேல வௌவால் தொங்குது.”

எல்சி தலையைத் தூக்கிப் பார்த்தாள். மேலே ஒன்றும் இல்லை. தலையைக் கீழே இறக்க அவளால் முடியவில்லை.

இடப்பக்கம். கேட்டதெல்லாம் இடப்பக்கத்திலிருந்து. அங்கே சொல்லி முடித்தவள் தூணுக்குப் பின்னால் இருக்கிற பக்கவாசல் வழியாகப் போய்விடுவாள். சாமியார் சிறுகதவைச் சாத்திவிட்டு வலப்பக்கம் திரும்புவார். வலப்பக்கத்துப் பெண் சொல்வது இங்கே கேட்காது. புத்தி சொல்கிற நேரம் என்று நினைத்த அந்த அமைதியில்தான் அவள் தன் பாவத்தைச் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லிவிட்டு எழுவாள். எல்சி பார்ப்பாள். ஒருத்தியின் வாயிலிருந்து வந்ததை எடுத்து அடுத்தவளின் தலையில் வைத்துவிடுவாள். கிசுகிசுப்புக்குக் குரல் ஏது, ஆள் அடையாளம் தெரிய? வருஷக்கணக்காக இந்த ஊர்ப் பெண்களுக்கு அவள் கொடுத்து வைத்திருந்த பாவங்கள் ஒன்றுகூட அவரவருடையது இல்லை. யார் வீட்டில் பால் வாங்குவதை நிறுத்தினாளோ அவள், யாருக்குப் பாத்திரம் கொடுக்கவில்லையோ அவள், எல்லோரும். ஷீபாவும்.

ஷீபா சிரித்துக்கொண்டே தூணுக்கு இந்தப் பக்கம் வந்தாள். “நிமிந்து பார்த்தீங்கல்ல? எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் சொன்னா மட்டும் கேக்குது. இந்தப் பக்கம் குவியத்துல இல்ல.” வரைபடத்தைப் பெஞ்சில் விரித்து பென்சிலால் குறுக்கே கோடு போட்டாள். “வளைவே வேணாம், நேர் சுவராப் போட்டுட்டு தொட்டிய வாசல் பக்கம் கொண்டுபோயிடலாம். ஃபாதர்ட்ட சத்தம் எதிரொலிக்குதுன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

எல்சி தலையை ஆட்டினாள். முடிந்தது. சுவர் போய்விட்டது. யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டியதில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

“நல்லவேள சொன்னீங்க டீச்சர்,” என்றாள் ஷீபா, பென்சிலைக் காதில் செருகியபடி. “வேற யாராவதா இருந்தா சொல்லியிருக்க மாட்டாங்க. உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்திருப்பாங்க.”

அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. எல்சி போவதற்கு எழுந்தாள். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“நான் அப்படித்தாம்மா இருந்தேன்.”

“என்ன டீச்சர்?”

“ஒரு தடவ இல்ல. சனிக்கெழம தவறாம. இங்கயே உக்காந்து கேட்டேன். யாரு எந்திரிச்சுப் போறான்னும் பார்த்தேன்.” இப்போது விட்டால் பிறகு வராது என்று அவளுக்குத் தெரிந்தது. “ஓலை குடுக்குறதுக்கு முந்தின வாரம் நீ வந்தே. வேற மதத்துப் பையனோட பழகுறேன்னு ஒரு பொண்ணு சொன்னது காதுல விழுந்துச்சு. இந்தப் பக்கத்துல இருந்து நீ எந்திரிச்சே. நீதான்னு நெனச்சுட்டேன். அதுக்காகத்தான் நிறுத்துனேன். ஆண்டனி வேணாம்னு சொல்லல. நான்தான்.”

ஷீபா விரித்த வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டினால் தேவலை என்று எல்சிக்கு இருந்தது. பாத்திமா மேரியைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாலும் தாங்கிக்கொள்ளலாம்.

“அன்னைக்கு நாங்க ரெண்டு பேரா வந்தோம்,” என்றாள் ஷீபா கடைசியில். “அவ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அது யாருன்னு கேக்காதீங்க.”

“கேக்க மாட்டேன்.”

“எங்கிட்ட என்ன கொறைன்னு அம்மா எத்தன பேருகிட்ட கேட்டுச்சு தெரியுமா? உங்ககிட்டயே வந்து கேட்டுச்சுல்ல?”

“கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கொறையெல்லாம் இல்லன்னு சொன்னேன்.” அதைச் சொன்ன விதம் எல்சிக்கு ஞாபகம் வந்தது. கண்ணைப் பார்க்காமல், பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தாள். அந்தப் பெருந்தன்மையைப் பார்த்துத்தான் பாத்திமா மேரி பயந்துபோய்த் திரும்பியிருக்க வேண்டும்.

“மன்னிச்சுடும்மான்னு கேக்குற யோக்கியத எனக்கில்ல,” என்றாள் எல்சி. “உங்க அம்மாகிட்டயும் நானே வந்து சொல்லுறேன். ஆண்டனிக்கும் சொல்லுறேன்.”

ஷீபா வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டிய கை பாதியில் நின்றது.

“நான் அன்னைக்கு என்ன சொன்னேன்னு உங்களுக்குக் கேக்கலல்ல?”

எல்சி இல்லை என்று தலையசைத்தாள்.

“ஆண்டனியக் கட்டிக்கப் போறேன்னு எனக்குத் தலகால் புரியல சாமி, மத்த பொண்ணுங்களப் பார்த்தா எளக்காரமா இருக்கு, இது பாவமான்னு கேட்டேன். ஃபாதர் சிரிச்சுட்டாரு. பரிகாரமா ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு, உன் வருங்கால மாமியாருக்காகச் சொல்லுன்னாரு.” ஷீபா பாதி சுருட்டிய வரைபடத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணு போதாதுன்னு நான் உங்களுக்காக ஜெபமாலையோட அம்பத்து மூணு மணியும் சொல்லிட்டு வீட்டுக்குப் போனேன் டீச்சர். நீங்க அதுக்குள்ள கெளம்பிட்டீங்க போல.”

எல்சி கிளம்பித்தான் போயிருந்தாள். மகனுக்குப் போன் போட வேண்டிய அவசரம்.